இருபத்து மூன்று அத்திப் பானைகள்

இன்று காலை மொட்டைமாடியில் ஒரு சீமை அத்தியைப் பானையிலிருந்து உருவி எடுத்தேன். தை பிறந்து நாலைந்து நாள்தான் ஆகிறது. பானைச் சுவரை ஒட்டி வளையம் வளையமாகச் சுற்றியிருந்த வேர்களைக் கருக்கரிவாளால் அறுத்து, மேலே இரண்டு கிளைகளையும் குறைத்தேன். வெட்டுவாயில் வெள்ளையாகப் பால் கசிந்து மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. பச்சைத் தேங்காயும் புல்லும் கலந்தது போன்ற அந்த வாசனை வந்ததும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டேன். துணி உலர்த்திக்கொண்டிருந்த மருமகள், "மாமா, கை அரிக்கப் போவுது, கழுவுங்க" என்றாள். கழுவவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் போய் இன்னும் ஒரு மாதம் நிறையவில்லை. உங்கள் மகள்தான் போனில் சொன்னார். "அம்மா காலையில எல்லாத்துக்கும் தண்ணி ஊத்திட்டு வந்து உக்காந்தாங்க. காப்பி போட்டு எடுத்துக்கிட்டு வரேன், இல்ல." அவ்வளவுதான் சொன்னார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவர், போனை வைத்துவிட்டார். எனக்கு அப்போது முழங்காலில் அறுவை முடிந்து எட்டாவது நாள். வர முடியவில்லை. வந்திருந்தாலும் என்ன பேசியிருப்பேன் என்று தெரியவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே ஐம்பது வருடத்தைக் கடத்தியவன் நான். அதனால் இந்த மடல். என் பேரப்பிள்ளைகள் இதை என்றாவது படிக்கக்கூடும். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உங்களை நீங்கள் என்று எழுதுகிறேன். அந்த நாளில் அப்படி அழைக்கவில்லை. நீங்கள் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஆனாலும் நான் "ஏய், இங்க வா" என்றுதான் கூப்பிடுவேன். நீங்கள் என்னை "ஐயா" என்பீர்கள். நான் பிறந்த தெருவில் எனக்கு அப்படித்தான் பேசப் பழக்கியிருந்தார்கள். அது பிழை என்று அப்போது எனக்குத் தோன்றக்கூட இல்லை.

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, குடமுருட்டியிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் அக்கரையில் எங்கள் பண்ணையின் களத்துமேடு இருந்தது. அதன் ஓரத்தில் எட்டு வீடுகள். எட்டும் பண்ணையில் நடவு நட்டு, களை பறித்து, அறுவடை செய்கிறவர்களின் வீடுகள். மனை பெரியவருக்குச் சொந்தம். பெரியவர் என்றால் மிராசுதார். எங்கள் ஊரில் பாதி நஞ்சை அவர் பேரில் இருந்தது. நான் அவருடைய காரியக்காரன். யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை, எந்த வாய்க்காலில் எப்போது மடை திறப்பது, யார் வீட்டுக் கோழி நாற்றங்காலில் இறங்கியது என்று எல்லாம் பார்ப்பது என் வேலை. இருபத்தோரு வயதில் அந்த வேலைக்கு வந்தேன். வந்த வருடமே உங்கள் முருங்கையை வெட்டினேன்.

அதை எழுதாமல் மேலே போக முடியாது. அப்போது உங்கள் மகள் கைக்குழந்தை. உங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு முருங்கைப் போத்து நட்டு, அது நன்றாகப் படர்ந்து காய்த்திருந்தது. மனையில் நிற்கிற மரத்தின் காய் பெரிய வீட்டுக்குப் போக வேண்டும் என்பது வழக்கம். நான் ஆள் அனுப்பினேன். நீங்கள் கொடுக்கவில்லை. "புள்ள பெத்த ஒடம்புங்க. கீரையாச்சும் வேணும்" என்று சொல்லி அனுப்பினீர்கள். நானே வந்தேன்.

"மண்ணுல நட்டது மண்ணுக்குடையவங்களுக்கு. தெரியுமா தெரியாதா?" என்றேன்.

நீங்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றீர்கள். அன்று மாலைக்குள் மரத்தை அடியோடு வெட்டச் சொல்லிவிட்டேன். காய்க்காக இல்லை. எதிர்த்துச் சொன்னதற்காக.

அடுத்த மாதமே உங்கள் வீட்டுக்காரர் கால் எலும்பு முறிந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நீங்கள் குழந்தையோடு மூன்று வாரம் அங்கே தங்கினீர்கள். திரும்பி வரும்போது ஈரத் துணியில் சுற்றிய இரண்டு குச்சிகள் உங்கள் கையில் இருந்தன. ஆஸ்பத்திரித் தோட்டத்தில் கிளை கழித்துப் போட்டதைத் தோட்டக்காரரிடம் கேட்டு வாங்கியதாகப் பிறகு சொன்னீர்கள். "இது சீமை அத்திம்மா. நம்ம ஊரு அத்தி மாதிரி அடிமரத்துல காய்க்காது, எலைக்கு எலை காய்க்கும். குச்சிய ஒடிச்சு வச்சா வந்துரும்" என்று அவர் சொன்னாராம். இரண்டு குச்சியில் ஒன்று அழுகிவிட்டது. மற்றதை, உடைந்துபோன ஒரு நெல் குதிரின் அடிப்பாகத்தில் வண்டல் நிரப்பி ஊன்றி, வாசலுக்குப் பக்கத்தில் வைத்தீர்கள்.

நான் பார்த்துவிட்டு, "இது என்னாது?" என்றேன்.

"அத்திங்க."

"எதுக்கு இதுல வச்சிருக்க?"

"மண்ணுல வச்சாத்தானுங்களே கேப்பீங்க. இது பானைங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே போய்விட்டேன். அந்தச் சிரிப்பு இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒரு தோட்டத்துக்குக் காரணமாக இருந்தது என் வாயிலிருந்து வந்த ஒரு கட்டளை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

அதன் பிறகு வருடா வருடம் அந்தக் களத்துமேட்டில் பானைகள் பெருகின. கழுத்துடைந்த நெல் அவிக்கும் பானை, ஓட்டை விழுந்த தண்ணீர்த் தவலை, தார் டின், யாரோ தூக்கிப் போட்ட மாட்டுத் தொட்டி. ஊரில் எது உடைந்தாலும் அது நாலு நாளில் உங்கள் வாசலுக்கு வந்துவிடும். எல்லாவற்றின் அடியிலும் ஓட்டை போட்டு, மூன்று செங்கல் மேல் ஏற்றி வைப்பீர்கள். வேர் தரைக்கு இறங்கக் கூடாது என்பதற்காக. செங்கல்லைச் சுற்றி எறும்பு ஏறாமல் சாம்பல் வட்டம். பழுக்கிற காலத்தில் மைனாவும் அணிலும் வராமல் மேலே பழைய மீன்வலை. நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து கருவாடு கொண்டுவரும் அம்மாள் ஒருவர் கொடுத்த வலை அது. பதிலுக்கு ஒரு மடி பழம் வாங்கிக்கொண்டு போவார். ஐப்பசி மழை கொட்டும்போது பானைகளை ஒருக்களித்துச் சுவரோரம் சாய்த்துவிடுவீர்கள். ஒரு சொட்டு நீர் தேங்கினாலும் அந்த மரத்துக்கு ஆகாது. தண்ணீரிலேயே வாழ்கிற எங்கள் ஊரில் தண்ணீரைக் கண்டு பயப்படுகிற ஒரு பயிரை வளர்ப்பதற்கு என்ன நெஞ்சுரம் வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

பானைகளின் வயிற்றில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தீர்கள். சிலதில் ஒரு கோடு, சிலதில் இரண்டு, சிலதில் மூன்று. ஏதோ மாந்திரீகம் என்று பெரிய வீட்டில் பேசிக்கொண்டார்கள். விஷயம் வேறு. ஒவ்வொரு தையிலும் மூன்றில் ஒரு பங்கு மரங்களுக்குத்தான் வேர் நறுக்கி மண் மாற்றுவீர்கள். மீதி இரண்டு பங்கு காய்ப்பில் இருக்கும். எந்தப் பங்குக்கு எந்த வருடம் என்பதற்குத்தான் கோடு. எழுத்துத் தெரியாத நீங்கள் வைத்திருந்த அந்த ஒழுங்கு, எட்டாவது வரை படித்த என்னுடைய பண்ணை நோட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை.

இன்னொன்றையும் நான் கவனித்தேன், ஆனால் புரிந்துகொள்ளவில்லை. எட்டு வீட்டு வாசலிலும் உங்கள் பானைகள் பிரிந்து நின்றன. பெரிய பானை ஒவ்வொன்றின் கழுத்திலும் இரண்டு பக்கமும் தென்னங்கயிற்றில் வளையம் முடிந்திருந்தது. அலங்காரத்துக்கு என்று நினைத்தேன்.

அப்போது ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. டவுன் பக்கம் சுவர் எல்லாம் கறுப்பும் சிவப்பும். வயல் பக்கம் செங்கொடி. கூலி உயர்வு கேட்டு அறுவடை நின்றது, வெளியூர் ஆள் இறக்கினோம், கைகலப்பு ஆனது. இந்த நேரத்தில்தான் குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று சட்டம் வந்தது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே அங்கே குடியிருந்தவர்களுக்குத்தான் பட்டா. தாசில்தார் வந்து விசாரிப்பார் என்று சொன்னார்கள். பெரியவர் என்னைக் கூப்பிட்டார்.

"தாசில்தார் வர்றப்ப அங்க வீடே இருக்கப்படாது" என்றார்.

முந்தின நாள் நாங்கள் கொடுத்த ஒரு புகாரில் களத்துமேட்டு ஆண்களை விசாரணைக்கு என்று ஸ்டேஷனுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். மறுநாள் காலை, ஆடி மாதம், வாய்க்காலில் புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் பதினைந்து வெளியூர் ஆட்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வாய்க்காலின் மேல் ஒரு வண்டி மட்டும் போகிற குறுகிய பாலம். டிராக்டரை இக்கரையில் நிறுத்திவிட்டு நான் மட்டும் தலையாரியோடு நடந்து அக்கரைக்கு வந்தேன். வீட்டில் பெண்களும் குழந்தைகளும்தான் இருந்தீர்கள்.

"சாமான எடுத்துக்கிட்டு வெளிய போங்க எல்லாரும். எடம் பண்ணைக்கு வேணும்."

நீங்கள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தீர்கள். டிராக்டரைப் பார்த்தீர்கள். "சரிங்க" என்றீர்கள்.

எனக்கு நிம்மதியாகிவிட்டது. நீங்கள் திரும்பி, தெருவைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டீர்கள். கத்தவில்லை. சோறு உண்ண அழைப்பது போன்ற குரல். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரண்டு பெண்கள் வந்தார்கள். கையில் மூங்கில் கழி. கழியைக் கயிற்று வளையத்தில் நுழைத்தார்கள், தோளில் வைத்தார்கள், எழுந்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. யாருக்கு எந்தப் பானை என்று அவரவருக்குத் தெரிந்திருந்தது. சின்னப் பானைகள் தலையில் ஏறின. ஆளுயர மரங்கள், கை அகல இலைகளோடும் பச்சைக் காய்களோடும், அந்தத் தெருவிலிருந்து புறப்பட்டு வரிசையாக நடந்து வந்தன. ஒரு தோட்டம் எழுந்து நடப்பதை நான் பார்த்தேன். என் பக்கத்தில் நின்ற தலையாரி தன்னை அறியாமல் வழிவிட்டு ஒதுங்கினார். நானும் ஒதுங்கினேன். அது பயமா என்றால் பயம் இல்லை. கோயில் தேர் நிலையைவிட்டு அசையும்போது வருமே, அப்படி ஒன்று.

உங்கள் வாசலில் இருந்த அந்தக் குதிர்ப் பானையை மட்டும் இரண்டு பெண்கள் அசைத்துப் பார்த்தார்கள். வரவில்லை. "அது வராது, விட்டுருங்க" என்றீர்கள். கனமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மீதி இருபத்திரண்டும் பாலத்துக்கு வந்தன. ஊரைவிட்டுப் போகிறீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, பாலத்தின் நடுவில் முதல் பானையை இறக்கினீர்கள். அதற்குப் பக்கத்தில் இரண்டாவது. பாலம் நிறைந்தது. பானைக்கும் பானைக்கும் நடுவில் பெண்கள் உட்கார்ந்தார்கள்.

நான் ஓடி வந்தேன். "என்ன இது? எடு" என்றேன்.

"மண்ணுல வைக்கலீங்க. பாலமும் பண்ணையோடது இல்லீங்க, சர்க்கார் கட்டுனது" என்றீர்கள்.

டிராக்டர் டிரைவரைப் பார்த்து, "ஏத்துய்யா, மேல ஏத்து, ஒடஞ்சா ஒடையட்டும், பொம்பளைங்க தானா எந்திரிப்பாங்க" என்றேன். அவர் கீழே இறங்கினார். பூதலூர்ப் பக்கத்து ஆள், உங்களில் யாரையும் தெரியாதவர். முன்னால் நின்ற மரத்தின் ஓர் இலையைத் தூக்கிப் பார்த்தார். அடியில் மூன்று காய்.

"காச்ச மரம்யா இது. இது மேல வண்டிய ஏத்திட்டு நான் வூட்டுக்குப் போயி எம் புள்ளைக்கிட்ட எந்த மூஞ்சிய காட்டுவேன்? வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, வண்டியைப் பின்னால் எடுத்தார். ஆட்கள் கடப்பாரையோடு டிரெய்லரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் போய்விட்டார்கள்.

அன்று நான் பாலத்துக்கு அக்கரையில் மாட்டிக்கொண்டேன். திரும்ப வேண்டுமானால் உங்கள் பானைகளுக்கு நடுவில்தான் நடக்க வேண்டும். நீங்கள் ஒரு பானையைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு வழிவிட்டீர்கள். "காய்ல பட்டுராமப் போங்க" என்றீர்கள். நான் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு காயும் உரசாமல் நடந்தேன்.

அதற்குப் பிறகு அந்த வேலைக்கு வண்டியோ ஆளோ கிடைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தாசில்தார் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். பெரியவரும் வக்கீலும் காரில் வந்தார்கள். ஆண்களும் ஸ்டேஷனிலிருந்து திரும்பியிருந்தார்கள். பானைகள் மறுபடி அவரவர் வாசலில், அதே இடத்தில். என்னிடம் சொல்லி வைத்திருந்தது ஒன்றுதான்: இந்த வீடுகள் போன வருடம் ஆடிக்குப் பிறகு, அதாவது சட்டம் வந்த பிறகு, போட்டவை என்று நான் சொல்ல வேண்டும்.

தாசில்தார் முதலில் உங்களைத்தான் கேட்டார். "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

"எம் மாமனாரு காலத்துலேருந்துங்க."

"காகிதம் எதாவது இருக்கா?"

"இல்லீங்க."

வக்கீல் சிரித்தார். "சார், இவங்க வீட்டுச் சாமானப் பாருங்க. இந்தப் பானையெல்லாம் ரெண்டு வாரம் முன்னாடி பாலத்துல நின்னுச்சு. இன்னைக்கு இங்க நிக்குது. அதே மாதிரிதான் ஆளுங்களும். போன வருஷம் எங்கிருந்தோ வந்தாங்க."

நீங்கள் ஒன்பது வருடமாக அந்த மரங்களைத் தூக்கும்படி வைத்திருந்தீர்களே, அதையே உங்களுக்கு எதிராகத் திருப்பிவிட்டார்.

நீங்கள் அந்தக் குதிர்ப் பானையைக் காட்டினீர்கள். "ஒண்ணு மட்டும் தூக்க முடியாதுங்க. அன்னைக்கும் வரல. அடியில தோண்டிப் பாக்கச் சொல்லுங்க" என்றீர்கள்.

"தோண்டுனா மரம் போயிரும்" என்று உங்கள் வீட்டுக்காரர் மெல்லச் சொன்னார்.

"போவட்டும். இதோட புள்ளைங்கதானே எல்லா வாசல்லயும் நிக்குது."

தலையாரி தோண்டினார். முதன்முதலாக வைத்த பானை அல்லவா அது. செங்கல் வைக்க வேண்டும் என்று அப்போது உங்களுக்குத் தெரியாது. ஓட்டை வழியாக வேர் இறங்கி, என் மணிக்கட்டு கனத்துக்குத் தடித்து, மண்சுவருக்கு அடியில் புகுந்து, வீட்டுக்குள்ளே தண்ணீர்ப் பானை வைக்கிற இடம் வரை போயிருந்தது. சுவரைப் பெயர்க்காமல் அதை எடுக்க முடியாது. தாசில்தார் குனிந்து பார்த்தார்.

வக்கீல், "வேர் என்ன சார், ஒரு மழைக்கு ஓடிரும்" என்றார்.

அப்போது நான் பேசினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. பத்து வருடம் வேலை செய்த வாய், தானாகத் திறந்தது.

"மண்ணுல வேர் எறங்கிட்டா அது பண்ணை மரம் சார். அது மேல இவங்களுக்குப் பாத்தியம் இல்ல."

தாசில்தார் நிமிர்ந்தார். "அப்படியா? எப்பலேருந்து பண்ணை மரம்?"

"ஒம்போது வருஷம் ஆச்சு சார், அத வச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. வக்கீல் என் கையைப் பிடித்தார். தாசில்தார் அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

"ஒன்பது வருஷமும் எங்க நின்னுச்சு?"

ஆஸ்பத்திரியில் நின்றது, வேறு ஊரில் நின்றது, எனக்குத் தெரியாது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் ஒரு மூச்சு எடுத்தேன். அந்த மூச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இங்கதான். இதே வாசல்ல."

"எழுதிக்குங்க" என்றார் தாசில்தார், தன் கிளார்க்கிடம்.

பெரியவர் காரில் ஏறினார். என்னை ஏறச் சொல்லவில்லை. அதோடு என் வேலை முடிந்தது.

எட்டு வீட்டுக்கும் பட்டா வந்தது. பட்டா வந்த செய்தி எனக்கு டீக்கடையில்தான் தெரிந்தது. நான் நியாயத்தைச் சொல்லிவிட்டேன் என்று கடையில் இருந்தவர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். எங்கள் தெருவில் ஏசினார்கள். முதல் பதில் வாய் தவறி வந்தது என்று எனக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்லும் துணிவு இல்லை.

பிறகு ஒரு நாள் முற்பகலில் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். வாய்க்காலைத் தாண்டி, எங்கள் தெரு முழுக்க நடந்து, தலையில் சும்மாடு வைத்து, அதன் மேல் ஒரு அத்திப் பானை. என் மனைவி கதவருகே நின்று, உங்களை எங்கே உட்காரச் சொல்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். கடைசியில், "வாங்க. உள்ள வாங்க" என்றேன். அந்த "ங்க" என் வாயில் உங்கள் ஒருவருக்காக முதல் தடவையாக வந்தது. நீங்கள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"உள்ள இருக்கட்டும். ஒங்க வூட்ல வெயில் எங்க விழுதுன்னு மொதல்ல பாக்கணும்" என்று சொல்லி, பானையை இறக்காமலே எங்கள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினீர்கள். கொல்லையில், கிணற்றுக்குத் தெற்கே ஓர் இடம் பிடித்து, எங்கள் செங்கல்லிலேயே மூன்றை எடுத்துப் போட்டு, அதன் மேல் வைத்தீர்கள். அது தாய்மரத்துக் குச்சி என்றீர்கள். தாய்மரம் பிழைக்கவில்லை. வேரைத் தோண்டிய பத்து நாளில் இலையெல்லாம் உதிர்ந்து, ஆவணியில் காய்ந்துவிட்டது. அதை ஒரு சேதி போலச் சொன்னீர்கள்.

என் மனைவி மோர் கொண்டுவந்தாள். உள்ளே வந்து கூடத்தில் உட்கார்ந்து குடித்தீர்கள். எழுந்து போகும்போது, நான் கேட்காமலே, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னீர்கள்:

"ரெண்டாவது தடவ கேட்டப்ப நீங்க சும்மா இருந்திருக்கலாம்."

அவ்வளவுதான். போய்விட்டீர்கள். முதல் பதில் எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவதற்கு முன்னால் நான் எடுத்த அந்த ஒரு மூச்சையும் அத்தனை கூட்டத்தில் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் வீடே போகப் போகிற நேரத்தில், உங்கள் மரத்தை வெட்டியவனின் மூச்சைக் கவனிக்கிற கண் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

சொந்த மண் வந்த பிறகு அத்திகளை எல்லாம் தரையில் இறக்கிவிடுவீர்கள் என்று ஊரே எதிர்பார்த்தது. நீங்கள் தரையில் நட்டது ஒரே ஒரு முருங்கைப் போத்து. பழைய இடத்திலேயே. அத்திகள் பானையிலேயே இருந்தன. ஏன் என்று ஒரு தை மாதம் மண் மாற்ற உதவிக்கு வந்தபோது கேட்டேன். "எடம் குடுத்தா இது எலையாத் தள்ளும். நெருக்கத்துல இருந்தாத்தான் காய்க்கும். அதோட கொணம் அது. நமக்குப் புடிச்சாப்புல அதை மாத்த முடியுமா" என்றீர்கள். மனிதர்களுக்கும் அதைப் பொருத்திச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மரத்தைப் பற்றிக் கேட்டதற்கு மரத்தைப் பற்றித்தான் பதில்.

பானையோடு எங்கள் வீட்டுக்கு வந்த அந்த நாள் முதல் நீங்கள் என்னை எந்த விதமாகவும் அழைத்ததில்லை. ஐயாவும் இல்லை, பெயரும் இல்லை. பேச்சை நேராகவே தொடங்கிவிடுவீர்கள். இப்படி ஏழெட்டு வருடம் போனது. பிறகு ஒரு முறை கண்டியூர் பஸ் நிறுத்தத்தில் நான் நின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் கேட்டது. "தம்பி, தஞ்சாவூர் பஸ் போயிருச்சா?" வேறு யாரையோ என்று நினைத்துத் திரும்பினேன். நீங்கள் இரண்டு கையிலும் பழக்கூடையோடு நின்றீர்கள். "இன்னும் வரல அக்கா" என்றேன். ஒரு கூடையை நான் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் உங்கள் மகள் டிரெய்னிங் ஸ்கூலில் சேர்ந்திருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தீர்கள். எனக்குப் பாதிக்கு மேல் காதில் ஏறவில்லை.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. வேலை போன பிறகு நான் தாலுக்கா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவனாக உட்கார்ந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடம் அங்கே உட்கார்ந்தேன். அங்கே என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மனைப் பட்டா கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு காகிதமும் இருக்காது. வெயிலில் நடந்து வந்து, என் பெட்டிக்கு முன்னால் குந்தி, "எங்ககிட்ட ஒண்ணும் இல்லீங்க" என்று ஆரம்பிப்பார்கள். மற்ற எழுத்தர்கள் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். நான் பேனாவை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பேன்.

"வாசல்ல என்ன வச்சிருக்கீங்க?"

முதலில் விழிப்பார்கள். பிறகு யோசிப்பார்கள். ஒரு வேம்பு, மாமியார் வைத்தது. ஒரு கொய்யா, மூத்த பையன் பிறந்த வருடம். ஒன்றுமே இல்லை, ஒரு கனகாம்பரப் பாத்தி மட்டும், ஆனால் பன்னிரண்டு வருடமாகப் பூக்கிறது. திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, வாசலில் மரம் இல்லை, மாடு கட்டிய முளைக்குச்சி துளிர்த்துப் பூவரசாகிவிட்டது என்றார். சொல்லச் சொல்ல அவர்கள் குந்தியிருந்த நிலையிலிருந்து நிமிர்ந்து உட்காருவார்கள். குரல் மாறும். ஒன்றும் இல்லை என்று வந்தவர்களுக்கு வருடக் கணக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும்.

அதைத்தான் மனுவின் முதல் வரியாக எழுதுவேன். எத்தனையோ மனுக்கள் தள்ளுபடி ஆயின. எத்தனையோ பட்டாவாகின. இப்போது கை நடுங்குகிறது, ஆபீஸ் வாசலுக்குப் போவதில்லை. ஆனாலும் யாராவது தேடி வந்தால் எழுதிக் கொடுக்கிறேன். போன வாரம்கூட ஒரு பெண் வந்தாள். கேட்டேன். சொன்னாள். அந்த ஒரு வரியை எழுதும்போது மட்டும் என் கையெழுத்து பழையபடி நேராக வந்தது.